பிள்ளைப்பேறு: வீடும் நிலையமும்



நான் 1960-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி பிறந்தவன் என்று என் பள்ளிச் சான்றிதழ் கூறுகிறது. அது உண்மை அன்று. களத்தில் புது நெல் காய்ந்துகொண்டிருந்த ஒரு தை மாதத்து இரவில் நான் பிறந்ததாக என் அன்னையார் சொல்லுவார். பள்ளியில் சேர்க்க என்னை அழைத்துச் சென்ற அன்று, தலைமையாசிரியர் என் வலக் கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொடுமாறு பணித்தார். விரல் நுனி காதைத் தொட்டது. ஐந்து வயது நிரம்பிவிட்டதென்று முடிவு செய்து, தமக்கு வசதியான ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து நானே தலைமையாசிரியனாகிப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டியபொழுது, செஞ்சி வட்டாரத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்களாகவே இருக்கக் கண்டு தனியே இருந்து சிரித்தேன். காரணம் எளியது. அவர்களெல்லாரும் வீட்டில் பிறந்தவர்கள். இன்ன நாளில், இன்ன வேளையில் பிறந்தான் என்று எழுதிவைக்க அங்கே எவரும் இல்லை. பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்தற்கென நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் வந்ததே 1969-ஆம் ஆண்டில்தான். வீட்டில் பிறந்த குழந்தையையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும் என்பது இன்றைக்கும் விதி.

பிள்ளைப்பேற்றைப் பற்றி மாணவர்களிடையே பேசுவது பொருத்தமா என்று சிலர் ஐயுறலாம். இன்னும் பத்தாண்டுகளில் உங்களிற் பலர் தாயும் தந்தையும் ஆவீர்கள். அப்பொழுது இரவு இரண்டு மணிக்கு ஒரு முடிவு எடுக்கவேண்டி வரும். அந்த நேரத்தில் பாடம் கேட்க இயலாது. ஆகையால் இன்றே பேசுகிறேன்.

இப்பேச்சுக்கு வித்திட்டது ஒரு சந்திப்பு. 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் என் பழைய மாணவன் ஒருவன் தன் மனைவியுடன் என் இல்லத்திற்கு வந்தான். சென்னையில் கணிப்பொறித் தொழிலில் இருந்தவன். பெருந்தொற்றுக் காலத்தில் ஊருக்குத் திரும்பி, வீட்டிலிருந்தே பணி செய்துகொண்டிருந்தான். அப்பெண்ணுக்கு ஏழாம் மாதம், இரண்டாவது பேறு. அவர்கள் என்னிடம் கேட்டது இதுதான்: "சார், இந்தக் குழந்தையை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சண்டை போடுகிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்."

நான் உடனே, "அது கூடாது, தம்பி" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவனுக்கு அது ஒரு நோய்; கேள்வி முடியும் முன்னரே விடை வந்துவிடும். ஆனால் அந்தப் பெண் பேசத் தொடங்கியதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவருடைய முதற்பேறு ஒரு நகரத்து மருத்துவமனையில் நிகழ்ந்தது. வலி கண்டதும் அவரைத் தாயிடமிருந்து பிரித்து உள்ளே கொண்டுசென்றார்கள். பதினான்கு மணி நேரம் மல்லாந்து படுத்தே கிடக்கவேண்டியிருந்தது. எழுந்து நடக்கக் கேட்டதற்கு ஏச்சு கிடைத்தது. வலி பொறாமல் கத்தியபொழுது தொடையில் ஓர் அறை விழுந்தது. காதில் கேட்கத் தகாத ஒரு சொல்லும் விழுந்தது. குழந்தை நலமாகப் பிறந்தது. "எல்லாரும் குழந்தையைப் பார்த்தார்கள், சார். என்னை யாரும் பார்க்கவில்லை" என்றார் அவர். இதைச் சொல்லும்பொழுது அவர் அழவில்லை. அழாமல் சொன்னதுதான் எனக்கு உறைத்தது.

அவருடைய கணவன் வேறொரு வாதத்தை எடுத்து வைத்தான். "என் பாட்டி ஒன்பது பெற்றாள், சார். எல்லாம் வீட்டில்தான். தொண்ணூறு வயது வரை இருந்தாள்" என்றான். இந்த வாதத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதற்கு விடை எங்கள் ஊர்க் கோட்டையிலேயே இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டை அது. அங்கே வருகின்ற பயணிகள் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துக் கட்டடமெல்லாம் எவ்வளவு உறுதி!" என்று வியப்பார்கள். அவர்கள் நிற்கும் இடத்திற்கு அருகிலேயே அரண்மனைகள் இருந்த இடங்கள் வெறும் மேடைகளாகக் கிடக்கின்றன. நின்றவை நம் கண்ணிற்படுகின்றன, விழுந்தவை படுவதில்லை. ஒன்பது பெற்றுத் தொண்ணூறு வயது வாழ்ந்த பாட்டிக்குப் பேரன் இருக்கிறான், வந்து சொல்லுகிறான். தலைப்பிரசவத்திலேயே கண் மூடிய பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பேரன் ஏது? அவளுக்காக வாதாட வருபவர் யார்?

ஆயினும் வீட்டுப் பேற்றை நான் இகழ வந்தவன் அல்லேன். என்னைக் கையில் ஏந்திய மருத்துவச்சியை நான் நன்கு அறிவேன். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் விழுந்தவர்கள். வயிற்றின்மேல் கை வைத்துத் தலை எங்கே, கால் எங்கே என்று சொல்லுவார். வலி எடுத்தவளை நடக்கச் செய்வார். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு குந்தச் சொல்லுவார். இடுப்பைத் தேய்த்துக் கொடுப்பார். "இதோ ஆயிற்று, தாயே" என்று ஓயாமல் பேசுவார். பேறு முடிந்தபின் ஒரு மரக்கால் நெல்லும், வெற்றிலை பாக்கும், பழைய சேலை ஒன்றும் அவருக்குக் கூலி. நாவிதர் குடியிற் பிறந்தவர் என்பதனால், தாம் பிறப்பித்த பிள்ளையின் வீட்டிற்குள் மறுமாதம் அவர் வர இயலாது. திண்ணைக்குக் கீழே நின்றுதான் பேசவேண்டும். உயிரைக் காக்கும் கையைத் தீண்டலாகாதென்று ஒதுக்கிய வழக்கத்தை இன்றைய இளைஞர்கள் நம்பவும் மாட்டார்கள். வலி எடுத்த பெண் நடக்கலாம், தனக்கு ஏற்ற நிலையில் இருக்கலாம், தனக்கு வேண்டியவர் அருகில் இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளில் கூறியிருக்கிறது. எங்கள் மருத்துவச்சி அவற்றைப் படித்தவர் அல்லர். செய்தவர்.

ஆனால் அவர் கையில் இல்லாதவையும் சில உண்டு. அவற்றை நான் பதின்மூன்றாம் வயதில் கண்டேன்.

1973-ஆம் ஆண்டு. கோட்டைக்கு மேற்கே ஒரு சிற்றூரில் எங்கள் வீடு. என் தமக்கை இரண்டாம் பேற்றுக்காகத் தாய்வீட்டிற்கு வந்திருந்தாள். தலைப்பிரசவம் எளிதாக முடிந்திருந்ததால் எவருக்கும் கவலை இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் வலி கண்டது. முன்னிரவிலேயே பெண் குழந்தை பிறந்தது. சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்தார்கள். திண்ணையில் இருந்த என் தந்தையார் எனக்கு மிட்டாய் வாங்கக் காசு கொடுத்தார். அதன்பின் உள்ளே பேச்சரவம் குறைந்தது. நஞ்சு விழவில்லை என்று என் பாட்டியார் மெல்லச் சொல்லுவது கேட்டது. அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும்படி என்னைச் சொன்னார்கள். பழந்துணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. மருத்துவச்சி வெளியே வந்து, "சாமி, இது என் கைக்கு மீறினது. வண்டி கட்டுங்கள்" என்றார். அவர் மறைக்கவில்லை, தாமதிக்கவும் இல்லை. தாமதித்தவர்கள் நாங்கள். இரவில் கொண்டுபோவதா, விடிந்தபின் கொண்டுபோவதா என்று பெரியவர்கள் பேசினார்கள். பேற்றுத் தீட்டோடு வண்டியேற்றலாமா என்று ஒருவர் கேட்டார். மாடு மேய்ச்சலிலிருந்து திரும்பியிருக்கவில்லை. செஞ்சியை அடைந்தபொழுது நள்ளிரவு கடந்துவிட்டது. அங்கே பார்த்தவர்கள், இரத்தம் ஏற்றவேண்டும், பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள் என்றார்கள். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவளுக்கு இருபத்திரண்டு வயது.

அந்த இரவில் அவள் உடலில் நிகழ்ந்தது என்ன என்பதை நான் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்திற்கு அரை லிட்டருக்குக் குறையாமல் இரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சும் வெளிவந்தவுடன் கருப்பை கல்போல் இறுகும். அந்த இறுக்கமே திறந்து கிடக்கும் குழாய்களை நெரித்து அடைக்கிறது. நஞ்சு உள்ளே தங்கிவிட்டாலோ, கருப்பை சோர்ந்து தளர்ந்துவிட்டாலோ, குழாய்கள் திறந்தபடியே கிடக்கும். தக்க சிகிச்சை இல்லையேல் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே ஓர் உயிர் போய்விடக்கூடும். கருப்பையை இறுகச் செய்யும் ஆக்சிடோசின் என்னும் பொருளை 1953-ஆம் ஆண்டிலேயே வின்சென்ட் டு விக்நோ என்னும் அமெரிக்க அறிஞர் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினார். 1955-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஆக, என் தமக்கையைக் காத்திருக்கக்கூடிய மருந்து அவள் இறப்பதற்கு இருபது ஆண்டு முன்னரே உலகில் இருந்தது. அவள் படுத்திருந்த அறையில் இல்லை. அதைக் குளிர்ப்பெட்டியில், இரண்டு முதல் எட்டு டிகிரி வெப்பத்தில் வைத்துக் காக்கவேண்டும், ஊசி போடத் தெரிந்த கை வேண்டும், நஞ்சு தங்கினால் அதை எடுக்கப் பயின்றவர் வேண்டும், இரத்தம் வேண்டும்.

எத்தனை இரத்தம் போயிற்று என்று கண்ணால் மதிப்பிடுவது தேர்ந்தவர்க்கும் அரிது. அண்மையில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2023-இல் அதன் முடிவு வெளிவந்தது. பெற்ற தாயின் அடியில் அளவுக்கோடுகள் இட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வைத்து, கோட்டைத் தாண்டியவுடன் எல்லாச் சிகிச்சையையும் ஒருசேரத் தொடங்கினார்கள். கடுமையான உதிரப்போக்கும் அதனால் விளையும் கேடுகளும் நூற்றுக்கு அறுபது பங்கு குறைந்தன. ஒரு விரிப்பு! எங்கள் வீட்டில் அன்று துணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பேறுகால மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்னும் இருவர் 1994-ஆம் ஆண்டில் மூவகைத் தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். போவதென்று முடிவு செய்யும் தாமதம் ஒன்று. போய்ச் சேரும் தாமதம் ஒன்று. சேர்ந்தபின் தக்க சிகிச்சை கிடைக்கும் தாமதம் ஒன்று. என் தமக்கைக்கு மூன்றும் வாய்த்தன. எங்கள் ராஜகிரிக் கோட்டையில் ஏறியவர்களுக்கு மூன்றாவது தாமதத்தை விளக்கவேண்டியதில்லை. கால் கடுக்க அத்தனை படிகளையும் ஏறி உச்சியை நெருங்கும்பொழுது ஓர் ஆழ்ந்த பாறைப் பிளவு குறுக்கிடும். அக்காலத்தில் அதன்மேல் ஒரு மரப்பாலம் இருந்தது. அதை இழுத்துக்கொண்டால், மலை முழுவதும் ஏறியவனும் சில அடித் தொலைவில் நின்றுவிட வேண்டியதுதான். மருத்துவமனை வாயிலை அடைந்தும் மருத்துவரோ இரத்தமோ இல்லாமல் இறக்கும் பெண்ணின் நிலை அது. மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை இக்கோட்டையை வளைத்து நின்றும் எளிதில் பிடிக்க முடியாமற் போனதற்கு மலையின் அமைப்பு மட்டும் காரணம் அன்று. மலையுச்சி வரையில் நீரும், களஞ்சியங்களில் நெல்லும் முன்கூட்டியே இருந்தன. பகைவன் வந்தபின் எவனும் களஞ்சியம் கட்டத் தொடங்குவதில்லை.

எங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான தொலைவிலுள்ள திண்டிவனத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி உலகப் புகழ் பெற்றது. 1890-களின் தொடக்கம். அமெரிக்கப் பாதிரி மருத்துவர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயாரைக் காண அங்கே வந்திருந்தார். ஓர் இரவில் ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆடவர்கள் அவர் வாயிலுக்கு வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவரும் உயர்குலத்து இந்து. மூவரின் மனைவியரும் பேற்று வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். "நான் மருத்துவம் அறியேன், என் தந்தை வருவார்" என்றார் அப்பெண். அந்நிய ஆடவர் தம் மனைவியின் முகத்தைப் பார்ப்பதற்கு மூவரும் இசையவில்லை. விடிந்தபொழுது மூன்று பெண்களும் இறந்துபோயினர். சமயப்பணிக்கு வருவதில்லையென்று உறுதி பூண்டிருந்த அந்த இளம்பெண் அமெரிக்கா சென்று, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பினார். வேலூரில் அவர் நிறுவியதே இன்றைய கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி.

இந்த வரலாற்றை வீட்டுப் பேற்றுக்கு எதிரான சான்றாகச் சிலர் எடுத்துக்கூறுவர். எனக்கு அது வேறு விதமாகத் தோன்றுகிறது. அம்மூன்று பெண்களையும் கொன்றது வீட்டுத் தரை அன்று. அவர்கள் விரும்பி ஏற்கத்தக்க, பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கை அந்த ஊரில் இல்லாமையே கொன்றது. திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதையையும் நினைத்துப் பாருங்கள். காவிரியில் வெள்ளம், மகளின் பேற்றுக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் நிற்கிறாள். இறைவனே தாயின் வடிவில் வந்து பேறு பார்த்ததாகப் புராணம் கூறுகிறது. அப்பெண்ணுக்கு வேண்டியிருந்தது இரண்டு: உதவி ஆற்றைக் கடந்து வரவேண்டும், வருவது தாயாகவும் இருக்கவேண்டும். நம் மருத்துவமனைகள் முதலாவதைக் கொடுத்து இரண்டாவதைப் பறித்துக்கொண்டன. என் மாணவனின் மனைவி கேட்டது அந்த இரண்டாவதைத்தான்.

மருத்துவமனை என்பதனாலேயே ஓரிடம் பாதுகாப்பானதாகிவிடாது என்பதற்கும் வரலாற்றில் சான்றுண்டு. சென்னை எழும்பூரில் மகப்பேறு மருத்துவமனை தோன்றியது 1844-இல். ஏறத்தாழ அதே காலத்தில் வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இரண்டு பேற்றுப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பணி செய்த பிரிவில், மருத்துவச்சிகள் பணி செய்த பிரிவைக் காட்டிலும் பன்மடங்கு தாய்மார்கள் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். அந்தப் பிரிவில் சேர்க்க வேண்டாமென்று பெண்கள் மன்றாடுவார்களாம். பிணங்களை அறுத்துப் பயின்ற கையோடு மாணவர்கள் பேறு பார்க்க வருவதே காரணமென்று செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டுபிடித்தார். 1847-இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூன் மாதத்தில் இரண்டாகக் குறைந்தது. அவருடைய சக மருத்துவர்கள் பலர் அவரை நம்பவில்லை. படித்தவர்களுக்கும் வறட்டுப் பிடிவாதம் உண்டு, நண்பர்களே.

நம் நாளில் வேறொரு கவலை இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பேறுகள் அறுவையினால் நிகழ்ந்தவை. இந்தியா முழுமைக்கும் அந்த அளவு 21.5. தனியார் மருத்துவமனைகளில் இது இன்னும் மிகுதி. இத்தனை பெண்களுக்கும் கத்தி தேவையாக இருந்தது என்று நம்ப என் மனம் ஒப்பவில்லை. ஆகையால் "மருத்துவமனைக்குப் போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள்" என்று அஞ்சும் பெண்ணை அறிவிலி என்று ஒதுக்குவது நேர்மை ஆகாது.

அயல்நாட்டில் வீட்டிலேயே பெறுகிறார்களே என்று என் மாணவன் கேட்டான். உண்மைதான். 2011-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்று, சிக்கலற்ற பேறு எதிர்பார்க்கப்பட்ட சுமார் 64,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. முன்னரே பிள்ளை பெற்றவர்களுக்கு வீடானாலும், மருத்துவச்சிகள் நடத்தும் நிலையமானாலும், பெரிய மருத்துவமனையானாலும் குழந்தைக்கு நேரும் கேட்டில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. முதன்முறை பெறுபவர்களுக்கு வீட்டில் கேடு மிகுந்தது: மருத்துவமனையில் ஆயிரத்திற்கு 5.3, வீட்டில் 9.3. ஆனால் மருத்துவச்சிகளின் நிலையத்தில் அந்த மிகுதி இல்லை. அறுவையும் ஆயுதப் பேறும் அங்கே குறைவு. இதை நான் அவர்களிடம் ஒளிக்கவில்லை. "நீங்கள் இங்கிலாந்தில் இருந்திருந்தால், அம்மா, உங்கள் பக்கமே நியாயம் இருந்திருக்கும்" என்றேன். அங்கே வீட்டிற்கு வருபவர் ஆண்டுக்கணக்கில் பயின்று பட்டம் பெற்ற மருத்துவச்சி. பையில் ஆக்சிடோசின் இருக்கும். அழைத்தால் வண்டி வரும். அப்படியிருந்தும், வீட்டில் பெறத் தொடங்கிய முதற்பேற்றுப் பெண்களில் நூற்றுக்கு 45 பேரை இடையிலோ பெற்றபின்னோ மருத்துவமனைக்கு மாற்றவேண்டியிருந்தது. அவர்கள் தோற்றவர்களாக எண்ணப்படவில்லை. மாற்றுவதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. இங்கே செஞ்சிக்கு அருகே வீட்டில் பெறுவதென்றால் வருபவர் யார்? பழைய மருத்துவச்சிகள் மறைந்துவிட்டார்கள். பட்டம் பெற்ற மருத்துவச்சிகளை உருவாக்க இந்திய அரசு 2018-இல்தான் நெறிமுறை வகுத்தது. எஞ்சியிருப்பது கைப்பேசியில் ஓடும் காணொளி. 2018 ஜூலையில் திருப்பூரில் அத்தகைய காணொளியை நம்பி வீட்டில் பெற்ற இளந்தாய் ஒருவர் உதிரப்போக்கினால் இறந்தார். 2024-இல் குன்றத்தூர் அருகே ஒரு தம்பதியர் வாட்ஸ்அப் குழுவின் துணையோடு வீட்டில் பெற்றனர். தாயும் சேயும் நலமாகவே இருந்தனர். இரண்டாவது செய்தி முதலாவதை மறக்கச் செய்யும் என்பதே என் அச்சம்.

தமிழ்நாட்டில் 1990-களின் தொடக்கத்தில் நூற்றில் அறுபதைச் சற்றுத் தாண்டிய பேறுகளே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன, 2005-06-இல் அது சுமார் 88 ஆயிற்று, 2019-21-இல் 99.6. ஒரு லட்சம் குழந்தைகள் பிறக்குமிடத்து இறந்த தாய்மார்கள் 2001-03-இல் 134 பேர். 2018-20-இல் 54 பேர். கட்டடங்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர்கள் இருக்கும் ஏற்பாடும், 2008-இல் வந்த 108 வண்டியும், ஒவ்வொரு தாயின் சாவையும் ஏன் நேர்ந்ததென்று கூடி விசாரிக்கும் வழக்கமும் சேர்ந்து செய்தவை. என் தமக்கை இறந்தபொழுது எவரும் விசாரிக்கவில்லை. விதி என்றார்கள்.

என் தமக்கையின் கதையை அன்று அவர்களிடம் முதன்முறையாகச் சொன்னேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் பேசியவன், இதை எந்த வகுப்பிலும் பேசியதில்லை. சொல்லி முடித்ததும் அந்தப் பெண் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "உங்கள் அக்காவுக்காக வருத்தப்படுகிறேன், சார். ஆனால் அவர்கள் இறந்ததற்காக நான் ஏன் அறை வாங்க வேண்டும்?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். மறுநாள் காலையில் மூவரும் அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போனோம். அங்கிருந்த மூத்த செவிலியர் ஓய்வு பெற மூன்றாண்டே எஞ்சியிருந்தவர். அப்பெண் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். தாய் உடன் இருக்கலாமா? இருக்கலாம், ஒரு பெண் துணைக்கு அரசே இடங்கொடுத்திருக்கிறது. நடக்கலாமா? பனிக்குடம் உடையும் வரை தாராளமாக நடக்கலாம்; அதன்பிறகு பார்த்துச் சொல்லுவேன். எனக்குத் தெரியாமல் கத்தி வைப்பீர்களா? தேவையில்லாமல் வைக்கமாட்டோம், தேவைப்பட்டால் சொல்லிவிட்டுச் செய்வோம். இரத்தம் வேண்டியிருந்தால்? முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு 108-இல் அனுப்புவோம். இங்கே வைத்துக்கொண்டு காலந்தாழ்த்தமாட்டோம். கடைசிக் கேள்வியைப் படிக்காமல் அவர் தாளை மடித்தார். செவிலியர் அதை வாங்கிப் பார்த்தார். "அடிக்கமாட்டேன், கண்ணு" என்றார்.

குளிர்ப்பெட்டி வேலை செய்கிறதா என்று நான் கேட்டேன். செவிலியர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திறந்து காட்டினார்.

2023 ஜனவரியில் ஒரு விடியற்காலையில் அங்கே ஆண் குழந்தை பிறந்தது. தாய் அருகில் இருந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். நடந்தாராம்; ஒரு கட்டத்தில் குந்தியும் இருந்தாராம். நஞ்சு பத்து நிமிடத்தில் விழுந்தது. வழக்கமாகப் போடும் ஊசியைப் போட்டார்கள். எந்தச் சிக்கலும் இல்லை. வண்டியை எவரும் அழைக்கவில்லை.

மூன்றாம் மாதத்தில் குழந்தையோடு வந்தார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "பார்த்தீர்களா, சார்? வீட்டில் பெற்றிருந்தாலும் இப்படியேதான் பிறந்திருப்பான்" என்றார். ஆம், அப்படியே பிறந்திருப்பான். அதை மறுக்க முடியாது. என் தமக்கையின் முதற்பிள்ளையும் அப்படித்தான் பிறந்தான். "இருக்கலாம், அம்மா. ஆனால் முதல்நாள் மாலையில் அது நம் இருவருக்கும் தெரியாதே" என்றேன். அவர் அதை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டு, உள்ளே என் மனைவியுடன் பேசப் போய்விட்டார்.

மாணவன் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினான். பழைய பழக்கத்தால் முதலில் தேதியைப் பார்த்தேன். தை மாதத்துத் தேதி. பிறந்த நேரத்தை நிலையத்தில் எழுதித் தந்த சீட்டும் உடன் இருந்தது: காலை 4 மணி 10 நிமிடம்.